மூன்றாம் நாள் புழுக்கம்

ஏப்ரல் 27, திங்கள்

மகாராணி வந்து இறங்கியாகிவிட்டது. இரண்டு பெரிய பெட்டி, ஒரு கட்டைப்பை. என் வீட்டுக்காரர் சோலைராஜின் அக்கா, திண்டுக்கல் தேவகி மதினி. சித்திரைத் திருவிழா பார்க்க வந்திருக்கிறாளாம். திருவிழா பார்க்க வருகிறவளுக்கு இரண்டு பெட்டி எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நான் கெட்டவள்.

காப்பி குடித்த கையோடு, "சோலை, எனக்கு அந்த ஏசி ரூமைக் குடுடா. வெக்கை தாங்கல" என்றாள். இவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் தலையை ஆட்டினார். அத்தை என் பக்கம் திரும்பி, "பெறந்த வீட்டுக்கு வந்த பிள்ளை. நாலு நாளைக்கு நீங்க ஹால்ல படுத்துக்கங்கத்தா" என்றார். மாமா வழக்கம்போலப் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். அந்த மனிதருக்கு இந்த வீட்டில் எதுவும் காதில் விழாது.

அந்த ஏசியை வாங்கியது நான். தீபாவளிக்குப் புடவை எடுக்காமல், ஊக்கத்தொகையைத் தொடாமல் சேர்த்து வாங்கினேன். என் மகள் ஆதிரைக்குக் கோடை வந்தால் முதுகு முழுக்க வேர்க்குரு. சொறிந்து சொறிந்து ரத்தம் பார்த்துவிடுவாள். அவளுக்காக வாங்கியது. இன்றைக்கு அவள் ஹாலில் பாயில் கிடந்து புரள்கிறாள். உள்ளே மகாராணி பதினெட்டில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குகிறாள்.

இருக்கட்டும். எனக்கும் ஒரு நேரம் வரும்.

ஏப்ரல் 29, புதன்

ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாளாம். ஆதிரை பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

மே 1, வெள்ளி

அழகர் ஆற்றில் இறங்கினார். ஊரே போனது, நாங்களும் போனோம். திருவிழா பார்க்க வந்தவள் மட்டும் தலைவலி என்று கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே தலை காட்டினால் மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த ரவிக்கை. கத்திரி பிறக்கப் போகிற நேரத்தில் முழுக்கை. டிவியில் வருகிற பெண்களைப் பார்த்துப் பவுசு காட்டுகிறாள், நாற்பத்து மூன்று வயதில்.

கதவுக்குப் பின்னால் போனில் குசுகுசு என்று பேச்சு வேறு. என்னைப் பற்றித்தான் இருக்கும். வேறு யாரைப் பற்றிப் பேசப் போகிறாள்.

திரும்பி வந்து அந்த அறையில் துணி எடுக்கப் போனபோது சத்தம் கேட்டது. ஏசிக்குள் தண்ணீர் கொப்புளிக்கிற மாதிரி ஒரு களகளப்பு. நான் ஒரு ஏசி கம்பெனியின் புகார் பிரிவில் வேலை பார்க்கிறவள். காலையில் ஹெட்செட்டை மாட்டினால் மதியம் கழற்றும் வரைக்கும் இதே பாட்டுத்தான். என்ன சத்தம் வருகிறது, தண்ணீர் சொட்டுகிறதா, வாடை அடிக்கிறதா, ஃபில்டரை எப்போது கழுவினீர்கள். ஏசி ஒரே நாளில் சாகாது. முதலில் முனகும், அப்புறம் அழும், அப்புறம்தான் படுக்கும். இந்தக் களகளப்பு முனகல். கேஸ் குறைய ஆரம்பித்திருக்கிறது. இன்றைக்கே ஆளை வரச் சொன்னால் சின்ன வேலை.

சொல்லவில்லை. துணியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மே 4, திங்கள்

கத்திரி பிறந்துவிட்டது. ஏசி அழ ஆரம்பித்துவிட்டது. சுவரோரம் வாளி வைத்திருக்கிறாள்.

"சங்கரி, ஏசியிலருந்து தண்ணி சொட்டுதே. ஒண்ணும் ஆகாதுல்ல?"

"வெயில் காலத்துல சொட்டத்தான் செய்யும் மதினி. நீங்க பாட்டுக்குப் போட்டுக்கங்க."

இன்றைக்கு ஆபீசில் எத்தனையோ பேரிடம் இதற்கு நேர்மாறாகச் சொன்னேன். உடனே அணையுங்கள், தண்ணீர் போகிற ட்ரெய்ன் பைப்பில் அடைப்பு இருக்கும், ஆள் அனுப்புகிறோம் என்று. அவர்களெல்லாம் என் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்தவர்கள் இல்லையே.

மே 6, புதன்

ஆபீசில் ஒருவன் கெட்ட வார்த்தையில் என் பரம்பரையையே இழுத்தான். எனக்கு அழுகை வரவில்லை. இந்த வேலையில் பழகிப்போன கணக்கு ஒன்று உண்டு. ஏசி ஓடாமல் போன முதல் நாள் ஆள் "மேடம்" என்பான். இரண்டாம் நாள் "ஏம்மா" என்பான். மூன்றாம் நாள் "ஏய்" என்பான். படித்தவன், பெரிய பதவிக்காரன், பூஜை அறையிலிருந்து பேசுகிறவன், யாராக இருந்தாலும் மூன்றாம் நாள் தாண்ட மாட்டான். ஒரு மனிதன் வீட்டுக்குள் என்ன பேசுவான் என்பது மூன்றாம் நாள் புழுக்கத்தில் வெளியே வந்துவிடும். எல்லோருமே கத்துவதில்லை. சிலர் மூன்றாம் நாளும் "பாவம், நீங்க என்ன செய்வீங்க" என்பார்கள். அவர்கள் நல்லவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்றைய ஆள் முதல் நாள் என்னை வாழ்த்திவிட்டுப் போனை வைத்தவன்.

மே 7, வியாழன்

ஹாலில் உட்கார்ந்து இவருடைய சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மதினி அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் தெளித்துப் பெட்டியை வைத்ததும் சுர்ர் என்றது. சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். குடித்துக்கொண்டிருந்த மோர் பாதி அப்படியே இருந்தது.

நான் வேலை செய்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கக்கூட அவளுக்குக் கௌரவக் குறைச்சல். "மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்" என்பார்கள். நாத்தனார் உடைத்தால் குடமே இல்லை போலிருக்கிறது. அந்த டம்ளரையும் நான்தான் கழுவினேன்.

மே 9, சனி

பின்பக்கத்து வராந்தாவில் போய்ப் பார்த்தேன். செம்புக் குழாயில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாகப் பனி கட்டியிருக்கிறது. மதியத்துக்குள் இரண்டு முறை மெயின் விழுந்தது. இரண்டு முறையும் தூக்கிவிட்டது மதினிதான். தாழ்ப்பாளைத் திறந்து வந்து, தூக்கிவிட்டு, மறுபடி உள்ளே.

இன்னும் இரண்டு மூன்று நாள் தாங்கும். அக்னியின் நடுவில் நிற்கட்டும். ஆள் வர எத்தனை நாளாகும் என்று என்னைத்தானே கேட்க வேண்டும். அப்போது நான் ஆபீஸ் குரலில் சொல்லுவேன், "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று. நினைக்கவே இனிக்கிறது.

மே 10, ஞாயிறு

கருகல் வாடை. மெலிசாக. ஏசி ப்ளக்கிலிருந்துதான். அத்தை மூக்கை உறிஞ்சி, "அடுப்புல என்னமோ தீயுதா சங்கரி?" என்றார். ஆமாம் என்றேன்.

மே 11, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலை ஷிப்ட் முடிந்து மதியம் மூன்று மணிக்கு வீட்டுக்குள் நுழைந்ததுமே வாடை. அத்தை கோவிலுக்குப் போயிருந்தார். மாமா ஹாலில் கண் மூடிப் படுத்திருந்தார். அறைக்கதவுக்கு அடியில் மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் மெயினை இறக்கினேன். "மதினி, மதினி" என்று கதவைத் தட்டினேன். பதில் இல்லை. மாமா எழுந்து வந்து தோளால் இடித்தார். எழுபது வயது. மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பிடுங்கிக்கொண்டது.

ப்ளக் உருகிச் சுவரெல்லாம் கரி. திரைச்சீலையின் ஓரம் கனன்றுகொண்டிருந்தது. வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினேன், அணைந்தது. மதினி கட்டிலில் அசையாமல் கிடந்தாள். செத்தே போய்விட்டாள் என்று நினைத்தேன். உலுக்கியதும் கண்ணைத் திறந்தாள். தூக்க மாத்திரை போட்டிருந்திருக்கிறாள்.

பாவாடையும் கையில்லாத உள்ரவிக்கையுமாக எழுந்து உட்கார்ந்தாள். முழங்கையிலிருந்து தோள் வரைக்கும் புண். சுட்ட புண். ஆறிக் கறுத்தது சில, தோல் உரிந்து சீழ் வைத்தது சில. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கூராக இருந்தது. என்ன சாமான் அது என்று எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. தினமும் இவர் சட்டை மேல் நான் தேய்க்கிற சாமான்தான்.

மாமா பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார். மதினி போர்வையை இழுத்துத் தோள் மேல் போட்டுக்கொண்டு, "கதவைச் சாத்து சங்கரி" என்றாள். கதவுக்குத்தான் தாழ்ப்பாளே இல்லையே.

"நல்லவேளை, நம்ம சங்கரிக்கு நாய் மூக்கு. இல்லாட்டி என் பிள்ளை கரிக்கட்டையா ஆகியிருப்பா" என்று அத்தை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாடை விஷயத்தைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை.

மே 12, செவ்வாய்

லீவு போட்டேன். மருந்து வாங்கி வந்து தடவிவிட்டேன். முதலில் வேண்டாம் என்றாள். அப்புறம் கையை நீட்டினாள்.

"சட்டையில மடிப்பு சரியா விழலன்னா அந்தப் பொட்டியாலேயே வைப்பாரு" என்றாள். ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்வது போல அவ்வளவு சாதாரணமாக. "சத்தம் போட மாட்டாரு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்னு நானும் போட மாட்டேன்."

"வேர்வை பட்டா எரியுது. அதான் ஏசி வேணும்னேன். நீ தப்பா எடுத்துக்கிட்டியோ என்னமோ."

"சேச்சே, அதெல்லாம் இல்ல மதினி" என்றேன்.

சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான்தான் விஷயத்தை உடைத்தேன். அத்தை அழுதார், அழுதுகொண்டே, "கை தவறிப் பட்டிருக்கும்த்தா. மாப்பிள்ளை அதிர்ந்து ஒரு வார்த்தை பேசி இத்தனை வருசத்துல நான் கேட்டதில்ல" என்றார். இவர், "மச்சான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்று போன் போட்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில். திண்டுக்கல்லில் பெயிண்ட் கடை வைத்திருக்கிற அந்தத் தயாளன், பேரைப் பார் பேரை, விம்மி விம்மி அழுதான். "சோலை, வெளியில சொல்ல வேண்டாம்னு நெனச்சேன். அவளுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்லப்பா. அவளே எடுத்து வச்சுக்கிறா. டாக்டர்ட்ட காட்டிட்டுத்தான் இருக்கேன். மாத்திரையெல்லாம் அதுக்குத்தான். வியாழக்கிழமை நானே வந்து பக்குவமாக் கூட்டிட்டுப் போறேன்."

போனை வைத்ததும் யாரும் மதினியின் முகத்தைப் பார்க்கவில்லை. மாத்திரை அட்டை மேசை மேல் கிடந்தது. வைகாசி பிறந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் கிளம்ப நல்ல நேரம் என்று அத்தை காலண்டரைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்.

"பைத்தியம்னு நீயும் நம்புறியா?" என்று மதினி அப்புறம் என்னைத் தனியாகக் கேட்டாள். இல்லை என்றேன். "நீ நம்பி என்ன" என்றாள். அதுவும் உண்மைதான். இந்த வீட்டில் என் பேச்சு எடுபட்டிருந்தால் என் மகள் வேர்க்குருவோடு பாயில் படுப்பாளா?

மே 13, புதன்

ஏசிக்கு நேற்றே புகார் போட்டிருந்தேன். நாளை காலை பத்து மணிக்கு ஆள் வருவதாக இருந்தது. அத்தைக்கு ஒரே பரபரப்பு. மாப்பிள்ளை வருகிறார், மாப்பிள்ளைக்கு ஏசி ரூமைத் தயார் பண்ண வேண்டும், கதவுக்குத் தச்சரைக் கூப்பிட்டுப் புதுத் தாழ்ப்பாள் போட வேண்டும். எந்த வீட்டிலும் அதுதானே மரியாதை. வந்த மாப்பிள்ளைக்கு நல்ல அறை.

மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள், "ரூம் சரியாயிட்டா என்னையும் உள்ளதான் வச்சுக்குவாரு."

இந்த வீட்டில் ஒரு நல்ல அறை. என் காசில் வந்த குளிர்ச்சி. அதற்குள் அவன் இவளை வைத்துத் தாழ்ப்பாள் போடுவான், சத்தம் வெளியே கேட்காமல் ஏசி ஓடும். காலையில் எழுந்து வந்து "அத்தை, காப்பி பிரமாதம்" என்பான்.

கொஞ்ச நேரம் கழித்து வராந்தாவுக்குப் போய் ஆபீசுக்குப் போன் போட்டேன். என் புகாரை நானே ரத்து செய்தேன். உள்ளே வந்து, "சீசன் அத்தை, ஆள் வர ஒரு வாரமாகுமாம். ப்ளக் உருகுன ரூம், யாரும் படுக்கக்கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாக" என்றேன். எல்லோரும் நம்பினார்கள். ஏசி விஷயத்தில் மட்டும் இந்த வீட்டில் என் பேச்சு எடுபடும்.

அதோடு பேப்பரில் இன்னொன்று பார்த்தேன். சனிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை. எங்கள் தெரு பெயரும் இருந்தது. வியாழன், வெள்ளி, சனி. மூன்றாம் நாள். எந்தச் சாமி எனக்காக இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்ததோ, அதற்கு ஒரு தேங்காய் கடன்பட்டிருக்கிறேன்.

வா ராசா, வா. உன்னைக் குளிர வைக்காமல் அனுப்புகிறேன்.

மே 14, வியாழன்

வந்துவிட்டான். கையில் மல்லிகைப் பூப் பொட்டலம், ஆதிரைக்குச் சாக்லேட், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கத்தி வைத்தது போல மடிப்பு. "நல்லாருக்கியா தங்கச்சி?" என்று என்னைக் கேட்டான். அத்தையின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். மதினியைப் பார்த்து, "ஒடம்பு எப்படிம்மா இருக்கு?" என்றான். அத்தையின் கண் கலங்கியே போய்விட்டது.

அறை விஷயத்தைச் சொன்னதும், "அதுனால என்ன அத்தை, குடும்பத்தோட ஹால்ல படுக்கிறது ஒரு சந்தோசம்" என்றான். சொன்னவன் கண் அந்த அறைக்கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

மதியம் அவனுக்குச் சுடச்சுடக் கோழிக் குழம்பு, மிளகு தூக்கலாக ரசம். அத்தை கேட்காமலே நானே சமைத்தேன். "எங்க சங்கரிக்கு இன்னைக்குத்தான் கை வந்துருக்கு" என்று அத்தைக்குப் பெருமை. அவன் நெற்றியிலிருந்து சொட்டிச் சொட்டி இலையில் விழுந்தது. குளிர்ந்த தண்ணீர் கேட்டான். "ஃபிரிட்ஜ் தண்ணி ஆதிரை குடிச்சுத் தீத்துட்டாண்ணே" என்று பானைத் தண்ணீர் கொடுத்தேன், அப்போதுதான் ஊற்றிய, இன்னும் குளிராத பானை.

படுக்கும்போது பெண்கள் எல்லாம் அடுப்படிப் பக்கம். மதினியை எனக்கும் அத்தைக்கும் நடுவில் போட்டேன்.

மே 15, வெள்ளி

இன்றைக்குத் "தங்கச்சி" போய்விட்டது. "ஏம்மா சங்கரி, ஒங்க கம்பெனியிலயே வேலை பாத்துக்கிட்டு ஒரு ஆளைக் கூப்ட முடியலயா?" என்றான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். இரண்டாம் நாள் எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். முன்னுரிமை எல்லோருக்கும் ஒன்றுதான் அண்ணே என்று ஆபீஸ் குரலில் சொன்னேன்.

ஒரு தப்புச் செய்தேன். அவன் சட்டைக்கு நானே இஸ்திரி போட்டு, கையில் வேண்டுமென்றே இரட்டை மடிப்பு விழ வைத்தேன். அவனைச் சீண்டத்தான். அவன் சட்டையைப் பிரித்துப் பார்த்தான், என்னை ஒன்றும் சொல்லவில்லை. மடித்து மதினியிடம் நீட்டி, "நீ பாத்துக்க" என்றான், அவ்வளவு மெதுவாக. அதை வாங்கியதுமே அவள் அந்த மடிப்பை விரலால் நீவ ஆரம்பித்தாள். என் கோபத்துக்கு விலை அவள் கொடுப்பாள் என்பது அதுவரைக்கும் எனக்கு உறைக்கவில்லை. சட்டையை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "வோல்டேஜ் இல்ல, பொட்டி சூடேறல" என்று உள்ளே போய்விட்டேன். மாமா பேப்பருக்கு மேலாக ஒருமுறை பார்த்தார்.

ராத்திரிக்குச் சுடச்சுட ஆப்பம், மிளகாய் தூக்கலாகக் குருமா. போர்வையில்லாமல் அவன் புரண்டு புரண்டு படுக்கிற சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி இருந்தது.

மே 16, சனி

சரியாக ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. பதினோரு மணிக்கெல்லாம் ஹால் சுண்ணாம்புக் காளவாய். அவன் பனியனோடு பாயில் கிடந்தான். மின்வாரியத்தைத் திட்டினான். ஊரைத் திட்டினான். இந்த வீட்டைக் கட்டிய கொத்தனாரைத் திட்டினான். "ஏய், தண்ணி கொண்டா" என்று என்னைப் பார்த்தே சொன்னான். இவர் திரும்பிப் பார்த்தார். நான் கொண்டுபோய் வைத்தேன். மூன்றாம் நாள்.

அத்தைதான், "மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வீசிவிடு தேவகி" என்று பனையோலை விசிறியை எடுத்துக் கொடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மதினி விசிறியை வாங்கிக்கொண்டு அவன் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் வீசினாள். அவன் கண் சொருகியது. எதிரே நாற்காலியில் மாமா, ஜன்னலோரம் இவர், அடுப்படி வாசலில் நானும் அத்தையும். மதினியின் தலை சரிந்தது, கண் மூடியது. விசிறி தளர்ந்து அவன் மூக்கின் மேல் பட்டென்று விழுந்தது.

அவன் கண்ணைத் திறக்கவே இல்லை. கை மட்டும் எழுந்தது. எழுந்த கை தேடவில்லை, தடவவில்லை. நேராகப் போய் ரவிக்கைக்கு மேலாகவே அந்தப் புண் இருக்கிற இடத்தைப் பிடித்தது. கட்டைவிரலை அழுத்தி ஒரு திருகு. "தூங்குறியாடி நாயே. வா, வீட்டுக்கு வா. இந்தக் கையையே பொசுக்கிவிடுறேன்." சத்தமில்லாமல், கொஞ்சுகிற குரலில் சொன்னான்.

மதினி கத்தவில்லை. உதட்டைக்கூடக் கடிக்கவில்லை. விசிறியை மறு கைக்கு மாற்றி வீசத் தொடங்கினாள். அவன் திருகிக்கொண்டே இருக்கிறான், அவள் வீசிக்கொண்டே இருக்கிறாள். வெள்ளை ரவிக்கையின் கையில் ஈரம் மஞ்சளும் சிவப்புமாகப் பரவியது. அத்தை என் தோளை நகம் பதியப் பிடித்தார்.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"கையை எடு" என்றார்.

அவன் கண்ணைத் திறந்தான். எல்லோரும் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. "மாமா, வெயில்ல என்னமோ… தூக்கக் கலக்கத்துல…"

"எடுன்னேன்ல."

அதற்குள் இவர் போய் அவன் பனியனைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டார். கட்டிய இத்தனை வருடத்தில் இவருக்கு இவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. இரண்டு அறை விட்டார். நான் தடுக்கவில்லை. இன்னும் இரண்டு விட்டிருக்கலாம்.

அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "அப்ப வாழாவெட்டியா வச்சுக்கங்க" என்றான். அத்தைதான் பதில் சொன்னார், அழாமல். "வச்சுக்கிறோம். நீ போ."

மத்தியான வெயிலில், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, பனியன் மேல் சட்டையைச் சரியாகக்கூட மாட்டாமல், தெருமுனை வரைக்கும் பெட்டியை இழுத்துக்கொண்டு போனான். ஒரு ஆட்டோவும் நிற்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் மறைகிற வரைக்கும் பார்த்தேன். என் வயிறு குளிர்ந்தது.

மே 17, ஞாயிறு

காலையில் இவரும் மாமாவும் மதினியை அழைத்துக்கொண்டு மகளிர் காவல் நிலையம் போனார்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரி. மாமா எல்லாவற்றையும் சாட்சியாகச் சொன்னாராம், ஒரு சொல் தடுமாறாமல். அந்த மனிதருக்குக் காது நன்றாகவே கேட்டிருக்கிறது.

ஏசிக்கு மறுபடி புகார் போட்டேன். மதியமே ஆள் வந்துவிட்டான். ப்ளக், ஒயர் எல்லாம் மாற்றி, கேஸ் ஏற்றி, ஃபில்டரைக் கழுவி மாட்டினான். "முன்னாடியே ஏதும் சத்தம், வாடை வரலையாக்கா?" என்று கேட்டான். கவனிக்கவில்லை என்றேன். ஆதிரையும் மதினியும் அந்த அறையில் படுத்துக்கொள்வதாக ஏற்பாடு. தச்சரிடம் தாழ்ப்பாளை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் அடுப்படியில் நானும் அவளும் மட்டும். அவள் முதல்முறையாகக் கையில்லாத நைட்டி போட்டு, கட்டுப் போட்ட கையோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மதினி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீக. ஏசிக்கு ஆள் வர வேண்டாம்னு சொன்னது நான்தான்."

"தெரியும். நீ வராந்தாவுல பேசுனப்ப நான் கொடியில துணி எடுத்துக்கிட்டிருந்தேன்."

"தெரிஞ்சும் சும்மாவா இருந்தீக?"

அவள் கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள். அவளிடம் சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை வாடையைப் பற்றி. நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு வேறு பேச்சை எடுத்தேன்.

"மூணாம் நாளு அவரு ஆட்டம் வெளிய வரும்னு எனக்குத் தெரியும் மதினி. எப்படி வரும்னுதான் தெரியல. நல்லவேளை, நீங்க சரியா அந்த நேரம் பாத்துக் கண்ணசந்தீக."

மதினி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"பத்தொம்பது வருசமா அவரு பக்கத்துல நான் கண்ணசந்ததே இல்ல சங்கரி."